பேர் விழாத கூத்து

மிஸ்டர் பீன் வாய் திறந்து பேசுவார் என்பதே எங்கள் லயத்துக்குப் புதுச் செய்தி. அவரைத் தெரியாதவர்கள் தோட்டத்தில் இல்லை. பாட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, பாஷை தெரியாத குறையே இல்லாமல் பார்த்துச் சிரித்த வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான். கரடிப் பொம்மையோடு முணுமுணுப்பார், மற்றபடி ஊமை என்றுதான் எங்கள் கணக்கு. அந்த முகம் 2000ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை அந்தியில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் ஓடிய வீடியோ கசட்டில், நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு துரைமார் தோரணையில் இங்கிலீசு பொழிந்தது. பின்வரிசையில் இருந்த கங்காணி ஒருவர், "அடேய், இந்தாளு இத்தன நாளு நம்மள ஏமாத்திப்புட்டான்டா" என்றார்.

பெல்மதுளைக்கு மேலே, பாதித் தேயிலையும் பாதி ரப்பருமாகக் கிடக்கும் தோட்டம் எங்களுடையது. நுவரெலியாப் பக்கத்துக்காரர்கள் எங்களை மலையகம் என்று ஒப்புக்கொள்ளவே யோசிப்பார்கள். குளிர் கிடையாது, மழையும் அட்டையும்தான். சப்ரகமுவ மாகாணத்தில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பதால், எங்களுக்குச் சினிமாவும் திருவிழாவும் சண்டையும் எல்லாமே அயலோடு கலந்துதான். அங்கே ஆங்கிலம் கற்றுக்கொடுக்க இங்கிலாந்திலிருந்து தொண்டு வேலைக்கு வந்திருந்த இளம்பெண்ணை மிஸ் என்றே கூப்பிட்டோம். புத்தகத்தில் இருக்கும் ஆங்கிலம் எங்கள் மண்டைக்குள் இறங்காது என்று சீக்கிரமே கண்டுகொண்டவர். ஊரிலிருந்து கொண்டுவந்த கசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என்னிடம் வீடியோ டெக்குக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார். வாடகையை அவரே கொடுத்தார்.

கசட்டின் பெயர் 'தி கர்ஸ் ஆஃப் ஃபேட்டல் டெத்'. பெயரிலேயே கிண்டல், சாவுக்கு மேல் ஒரு சாவு. பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23ஆம் திகதி தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற தொடரை வைத்துச் செய்த கேலி நாடகம் அது. டாக்டர் என்பவர் மனிதர் இல்லை. காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருகிற வேற்றுலகத்து ஆள். அவருடைய வாகனம் பழைய லண்டன் தெருக்களில் நின்ற நீல நிறப் பொலிஸ் பெட்டி. வெளியே ஒரு ஆள் நிற்கத்தான் இடம், உள்ளே போனால் மாளிகை. சாகப்போகும் நேரத்தில் உடம்பெல்லாம் ஒளி பரவி வேறொரு முகத்தோடு எழுந்துவிடுவார். நடிகர் மாறினாலும் தொடர் சாகாமல் இருக்கக் கண்டுபிடித்த தந்திரம். அப்படியிருந்தும் 1989இல் தொடரை நிறுத்திவிட்டார்கள். 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் எழும்பவில்லை.

ஆக, 1999 மார்ச் 12ஆம் திகதி இந்த நாடகம் ஒளிபரப்பானபோது டாக்டர் ஹூ செத்துப் பத்து வருடம் ஆன தொடர். காமிக் ரிலீஃப் என்ற தர்ம அமைப்பின் சிவப்பு மூக்கு நாள் அது. எத்தியோப்பியாப் பஞ்சத்தைப் பார்த்துவிட்டு 1985இல் ரிச்சர்ட் கர்ட்டிஸ் என்ற எழுத்தாளரும் லென்னி ஹென்றி என்ற நகைச்சுவைக்காரரும் தொடங்கிய அமைப்பு. 1988இல் முதல் சிவப்பு மூக்கு நாள் வந்தது. அன்று இரவு முழுக்க நடிகர்கள் கூலி வாங்காமல் கோமாளித்தனம் செய்வார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் டெலிபோன் எடுத்துப் பணம் தருவதாகச் சொல்வார்கள். 1999இல் சேர்ந்த தொகை 3 கோடி 50 இலட்சம் பவுணுக்கு மேல். ஆப்பிரிக்காவுக்கும் பிரிட்டனில் உள்ள ஏழைகளுக்கும் போகிற பணம் என்று மிஸ் சொன்னார். இங்கிலாந்தில் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எங்கள் ஆட்கள் கடைசிவரை நம்பவில்லை.

நாடகம் 25 நிமிடம்கூட வராது. அன்றிரவு மற்ற நிகழ்ச்சிகளுக்கு இடையில் நான்கு துண்டாகப் போட்டார்களாம். எழுதியவர் ஸ்டீவன் மொஃபட். டாக்டராக ரோவன் அட்கின்சன், அவருடைய பரம எதிரி மாஸ்டராக ஜொனதன் பிரைஸ், டாக்டர் கலியாணம் கட்டப்போகும் எம்மாவாக ஜூலியா சவாலா. இந்தப் பெயர்களெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எங்களுக்கு பீன், தாடிக்காரன், பொண்ணு என்று மூன்று பேர்தான்.

கதை இதுதான். டாக்டர் ஓய்வெடுத்துக் குடும்பம் நடத்த முடிவு செய்து, மாஸ்டரை ஒரு பாழடைந்த கோட்டைக்குக் கூப்பிடுகிறார். அந்தக் கிரகத்தில் முன்பு வாழ்ந்தவர்கள் வாயால் பேசாமல் காற்றுப் பிரித்துப் பேசியவர்களாம். இந்த இடத்தில் மிஸ்ஸின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிறுசுகள் பாயில் உருண்டன. மாஸ்டர் காலத்தில் பின்னோக்கிப் போய், கோட்டையைக் கட்டிய சிற்பிக்குக் கையூட்டுக் கொடுத்துப் பொறி வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிச் சிரிக்கிறான். டாக்டரோ, நீ இப்படிச் செய்வாய் என்று தெரிந்து உனக்கும் முன்னால் போய் அதே சிற்பிக்கு நான் கொடுத்துவிட்டேன் என்கிறார். அவன் அதற்கும் முன்னால் போனேன் என்கிறான். கூரிய முட்கள் வந்து குத்த வேண்டிய இடத்தில் உட்கார வசதியான சோபா வந்து நிற்கிறது. மாஸ்டர் நின்ற இடம் திறந்து சாக்கடைக்குள் விழுகிறான். ஏறி வர 312 வருடம். ஆனால் கால வாகனம் இருப்பதால், விழுந்த அடுத்த கணமே நரைத்துக் கூன் விழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். பேசிக்கொண்டே மறுபடியும் விழுகிறான். மறுபடியும் 312. எல்லாரும் சிரித்தது இங்கேதான். ஒரே குழியில் தலைமுறை தலைமுறையாக விழுந்து எழும்புகிற ஆளைப் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் சொந்தக் கதையும் இருந்திருக்கும்.

டாலெக் என்ற இயந்திர எதிரிகளும் வந்தன. மிளகுத் தூள் டப்பாவைப் பெரிதாக்கிய மாதிரி உருவம். கைக்குப் பதில் கக்கூஸ் அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம். இதைக் கண்டு ஒரு தேசம் முழுவதும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்ததாக மிஸ் சொன்னபோது, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என்னுடைய அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். விடிவதற்கு முன் கத்தியோடு மலையேறி, பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில். மாசி மாதம் வந்தால் வேறு ஆள். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி.

காமன் கூத்து தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டு காமன் கம்பம் நடுவார்கள். காமன் பொட்டலில் இரவு இரவாகத் தப்புச் சத்தம் கேட்கும். மன்மதனுக்கும் ரதிக்கும் கலியாணம் நடக்கும். தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிவான். ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர் பெறுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். எங்கள் மூதாதைகள் ஊரைவிட்டு வரும்போது மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது இது. பெண்களுக்குப் பொட்டலில் இடமில்லை, ஆண்தான் சேலை கட்ட வேண்டும். அப்பா நார்ப்பெட்டியில் சவுரியும் கண்ணாடி வளையலும் வைத்திருப்பார். அவருடைய ஒப்பாரியைக் கேட்டு உண்மையிலேயே தாலியறுத்த பெண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது காதோரம் ரோஸ்பவுடர் ஒட்டியிருக்கும்.

கசட்டின் பின்பாதியை அப்பா கண் எடுக்காமல் பார்த்தார். பீன் சுடுபட்டு விழுந்தார், வேறொரு முகத்தோடு எழுந்தார். அதுதான் ரிச்சர்ட் ஈ. கிராண்ட். அவரும் சிறிது நேரத்தில் விழ, கூச்சப்படும் தடித்த ஆளாக ஜிம் பிராட்பென்ட். அவரும் விழ, அழகான ஹியூ கிராண்ட். ஐந்து நிமிடத்துக்குள் இத்தனை ஆள் மாறியதில் பிள்ளைகளுக்கு ஒரே குழப்பம். "இது யாரு, அது யாரு" என்று கத்தினார்கள். அப்பாவுக்குக் குழப்பமே இல்லை. ஒரே வேடம், ஆட்டக்காரர்கள்தான் மாறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார். பிறகு ஹியூ கிராண்ட் விழுந்தார். இனி எழும்ப மாட்டார் என்றார்கள். எம்மா அவர்மேல் குனிந்து புலம்பத் தொடங்கினாள். மாஸ்டர் மனந்திருந்தி நிற்கிறான், டாலெக்குகளும் நிற்கின்றன. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரதி புலம்பல்டா இது" என்றார். உயிர் எழும்பும் என்றும் சொல்லிவிட்டார்.

எழும்பியது. பெண்ணாக எழும்பியது, ஜோவன்னா லம்லி.

பிள்ளைக் காம்பரா கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்து, பிறகு கூரை அதிரச் சிரித்தது. அப்பா சொன்னது இன்றைக்கும் எங்கள் வீட்டில் புழங்குகிறது: "காமன் ரதியாவே எழுந்துட்டானே!"

இந்த நாடகத்தில் எல்லாமே உசத்தி என்று நான் சொல்லமாட்டேன். காற்றுப் பிரிக்கும் பகிடி இரண்டு தடவைக்கு மேல் போனதும் சலித்துவிடுகிறது. மாஸ்டரின் நெஞ்சில் டாலெக்கின் உருண்டைகளைப் பொருத்திச் செய்யும் வேடிக்கை அன்றைக்கே பழசு. பிற்காலத்தில் இதன் முன்னோடிகளையும் பின்னோடிகளையும் தேடிப் பார்த்தேன். 1993இல் சில்ட்ரன் இன் நீட் என்ற இன்னொரு தர்மத்துக்காக, பழைய டாக்டர்களை ஒன்றுகூட்டி 'டைமென்ஷன்ஸ் இன் டைம்' எடுத்தார்கள். வேறொரு தொடரின் பாத்திரங்களும் அதற்குள் ஓடித் திரிகிறார்கள். தலையும் புரியாது வாலும் புரியாது. 2007இல் அதே தர்மத்துக்கு மொஃபட் எழுதிய 'டைம் க்ராஷ்' எட்டு நிமிடம்தான், கச்சிதமான வேலை. பழைய டாக்டர் பீட்டர் டேவிசனும் அப்போதைய டாக்டர் டேவிட் டென்னன்டும் ஒரே வாகனத்துக்குள் மோதிக்கொள்கிறார்கள். சின்ன வயதில் டேவிசனைப் பார்த்து வளர்ந்தவர் டென்னன்ட். பிற்பாடு அவருடைய மகளையே கட்டினார். எழுத்துச் சுத்தம் என்றால் 'டைம் க்ராஷ்'தான் முதல். ஆனால் செத்த வீட்டில் பகிடி விடுகிற துணிச்சல் 1999 நாடகத்தில்தான் இருக்கிறது. தொடர் உயிரோடு இல்லை, யாருடைய அனுமதிக்கும் பயந்து எழுத வேண்டியதில்லை. ஒரே இரவில் நான்கு டாக்டர்களைக் கொல்லலாம், ஐந்தாவது ஆளைப் பெண்ணாக்கலாம். ரசிகர்கள் தொடரின் வரலாற்றில் இதைச் சேர்ப்பதில்லை. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் விழாத வேலை.

எங்கள் கூத்திலும் அப்படி ஒரு ஆள் உண்டு. காமனும் ரதியும் பாட்டு மாறாமல் பாட வேண்டும், வரி தப்பினால் கூத்து மாஸ்டர் தப்புக்காரனை நிறுத்தி முறைப்பார். கோமாளிக்கு வரி கிடையாது. இடையில் வந்து, கொழுந்து நிறுவையில் கிலோக் கணக்குக் குறைவதையும், முழுநாள் வேலைக்கு அரைப்பேர் போடுவதையும், ஆஸ்பத்திரியில் எந்த நோய்க்கும் ஒரே குளிசை கொடுப்பதையும் பேசுவான். முன்வரிசை நாற்காலியில் துரை உட்கார்ந்திருக்கும்போதே பேசுவான். துரையும் சிரிக்க வேண்டியதுதான். தலைவர்மார் கூட்டம் போட்டுப் பேசுவதற்கு முன் பல விசயங்கள் கோமாளி வாயால் பேசப்பட்டுவிட்டன என்பது என் நினைப்பு.

2003 மே 17ஆம் திகதி எங்கள் இரத்தினபுரி மாவட்டம் தண்ணீரில் போனது. களுகங்கை ஏறி நகரம் மூழ்கியது. எலபாத்தைப் பக்கம் மலை சரிந்து வீடுகள் புதைந்தன. நாடு முழுக்க இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதிகமும் எங்கள் மாவட்டத்தில். எங்கள் தோட்டத்தில் இரண்டு லயத்துக் கூரைகளும் ஒரு பாதையும் போனதோடு சரி. கீழே பள்ளிக்கூடங்களிலும் பௌத்தப் பன்சாலைகளிலும் சனம் நிரம்பிக் கிடந்தது. வாலிபர் சங்கத்துப் பொடியன்கள் கூடினார்கள். காசு கேட்டு வீடு வீடாகப் போனால் யாரிடம் இருக்கிறது? நாடகம் போட்டால் பார்க்க வருகிறவன் கையில் இருப்பதைக் கொண்டு வருவான் என்று ஒருவன் சொன்னான். என்ன நாடகம் என்றபோது மூன்று வருடத்துக்கு முன் பார்த்த கசட் எல்லாருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது. மிஸ் ஊர் போய்ச் சேர்ந்து வெகு நாள் ஆகியிருந்தது. கசட் என்னிடம் இருந்தது, பூஞ்சை பிடித்து.

எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நாடகத்தின் பெயர் 'முன்பணம்'. தோட்டத்துப் பொடியன் ஒருவன் கால வாகனத்தில் ஏறி 1877க்குப் போகிறான். தாது வருடப் பஞ்சம். திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவனுடைய முப்பாட்டன் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டு நிற்கிறான். அவனைத் தடுத்துவிட்டால் இந்த லயம், இந்த அட்டைக்கடி, இந்தப் பெரட்டு எதுவும் தன் தலைமுறைக்கு இல்லை என்பது பொடியனின் திட்டம். ஆனால் கங்காணி அவனுக்கும் முன்னால் போய் முன்பணம் கொடுத்து முப்பாட்டனைப் பிடித்து வைத்திருக்கிறான். பொடியன் அதற்கும் முன்னால் போய் அதைவிடக் கூடக் கொடுக்கிறான். கங்காணி அதற்கும் முன்னால். கசட்டில் வந்த சிற்பி எங்கள் முப்பாட்டனாகிவிட்டான். பொடியன் நீட்டும் ரூபாய் நோட்டை முப்பாட்டன் திருப்பித் திருப்பிப் பார்த்து, ராணி தலை இல்லாத காசு செல்லாது என்று தள்ளிவிடுவான். கங்காணி போகும் ஒவ்வொரு தடவையும் கக்கூஸ் குழிக்குள் விழுந்து, இன்னும் நீளமான பஞ்சுத் தாடியோடு வெளியே வருவான். கையில் இருக்கும் துண்டுச் சீட்டும் அதே அளவுக்கு நீண்டிருக்கும், வட்டியோடு. கடனை ஆளோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடைசியில் கங்காணியின் சீட்டு மேடையைத் தாண்டி, முன்வரிசைக்காரர் மடியில் வந்து விழுந்தது.

வாகனம் செய்தது தனிக்கதை. நீலப் பொலிஸ் பெட்டிக்கு எங்கே போவது? இடிந்த லயத்தின் கக்கூஸ் கதவு ஒன்று கிடந்தது. அதற்கு நீலம் அடித்து, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் மூன்று பக்கம் அடைத்தோம். பலகையின் உட்புறத்தில் ஈயத்தாள் இன்னும் ஒட்டியிருந்தது. பெட்ரோமேக்ஸ் லைட் வெளிச்சத்தில் கதவைத் திறந்ததும் உள்ளே பளபளவென்று மின்னியதைப் பார்த்துப் பிள்ளைகள் "ஆ" என்றார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அவ்வளவு செலவு செய்து காட்டிய மாளிகையை நாங்கள் ஈயத்தாளால் முடித்தோம். டாலெக்குக்கு ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்து மாட்டி, கைக்குப் பதில் பால்வெட்டுக் கத்தி.

ஒத்திகையில் ஒரு இடம் எழுதியபடி நடக்கவில்லை. பொடியன் முப்பாட்டனிடம் வரப்போவதை எல்லாம் ஒப்பிப்பான். 1948இல் பிரசாவுரிமை போகும், 1964இல் ரெண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு உன் பேரப்பிள்ளைகளைப் பங்கு போடுவார்கள், 1981 ஆவணியில் லயத்துக்கு நெருப்பு வைப்பார்கள் என்று அடுக்குவான். முப்பாட்டனாக நடித்தவன் இதைக் கேட்டுப் பயந்து அழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவன் எங்கள் கூத்தில் கோமாளி வேடம் கட்டுகிறவன். எழுதியதை மதிக்கிற பழக்கம் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பட்டினி கிடந்த கண்ணோடு, "அங்க சோறு குடுப்பாங்களா?" என்றான். பொடியன் தடுமாறி, "குடுப்பாங்க... சம்பளத்துல புடிச்சிக்குவாங்க" என்றான். "அப்ப போவோம்" என்று சொல்லி, ரெண்டு பேரிடமும் வாங்கிய முன்பணத்தை மடியில் செருகிக்கொண்டு முப்பாட்டன் நடந்துவிட்டான். அப்படியே வைத்துக்கொண்டோம்.

நாடகத்தன்று அந்த இடத்தில் சனம் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டது. முடிவுவரை எனக்கு அந்தச் சத்தம்தான் காதில் இருந்தது.

நுழைவுக்குக் காசு இல்லை. வாசலில் விரித்திருந்த படங்குச் சாக்கில் அரிசி, பருப்பு, கருவாடு, பழைய உடுப்பு, சவர்க்காரம் என்று குவிந்தது. என்னுடைய அப்பாயி ஒரு சுண்டு அரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து நின்றார். அவர் 1981இல் ஒரு கையில் என் அத்தையையும் மறு கையில் ஒரு பானையையும் பிடித்துக்கொண்டு ரப்பர் மலைக்குள் ராத்திரி முழுக்க ஒளிந்திருந்தவர். லயத்தைக் கொளுத்த வந்தவர்கள் வந்த திசையும், இப்போது அரிசி போகப்போகும் திசையும் ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். "அன்னைக்கு வந்தானுவளே, அவனுவளுக்கா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கொட்டினார். பிறகு குனிந்து ஒரு பிடியைத் திருப்பி அள்ளிக்கொண்டார், அது கோழிக்கு என்றார்.

மறுநாள் லொறியில் கொண்டுபோய் இறக்கினோம். அங்கே நின்ற பிக்கு ஒருவர் மூட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டு, தேத்தண்ணி கொடுத்தார். நாங்கள் விளைத்த தேயிலையாகவும் இருக்கலாம், வெகு சுமாரான தூள்.

டாக்டர் ஹூ 2005இல் உயிர்பெற்றது. ரசல் டி. டேவிஸ் என்பவர் எழுப்பினார். கேலி நாடகம் எழுதிய மொஃபட் முதலில் அவருக்குக் கீழே அத்தியாயங்கள் எழுதி, 2010இல் தொடரின் பொறுப்புக்கே வந்தார். காலத்தில் முன்னும் பின்னும் போய் ஆளை ஆள் முந்துகிற அந்தச் சிற்பிப் பகிடியை அவர் பிறகு எத்தனையோ தடவை கண்ணீருக்கும் பயத்துக்கும் பயன்படுத்தினார். சிரிப்புக்காகக் கடைந்த சாவியால் பெரிய பூட்டுகளைத் திறந்தார். 2017 ஜூலையில் அடுத்த டாக்டர் ஒரு பெண், ஜோடி விட்டேக்கர் என்று அறிவித்தார்கள். அதே வருட நத்தாரன்று, மொஃபட்டின் பொறுப்பில் வந்த கடைசி அத்தியாயத்தின் முடிவில் அவர் முகம் தெரிந்தது. பலருக்குக் கொதித்துப் போனது, தொடரைக் கெடுத்துவிட்டார்கள் என்று. பதினெட்டு வருடத்துக்கு முன் இதையே பகிடியாகக் காட்டியபோது ஒருவரும் கோபித்ததாக எனக்குத் தெரியவில்லை. பகிடியில் கடைசி அடியே அவர் பெண் என்பதுதான். அதற்கு மேல் கதை இல்லை. பெண்ணாக எழுந்த பிறகு என்ன செய்வாள் என்று யோசிக்க இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

அந்த 2017 மே மாதமும் இரத்தினபுரிக்கு வெள்ளம் வந்தது. வாலிபர் சங்கத்தில் புதுப் பொடியன்கள். பழையவர்களில் முப்பாட்டன் கத்தாரில், டாலெக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். 'முன்பணம்' எழுதிய கொப்பியைக் கேட்டு என் தங்கச்சி மகள் வந்தாள், உயர்தர வகுப்புப் பிள்ளை. கால வாகனத்தில் போகிற ஆளாகத் தானே நடிக்கப்போவதாகச் சொன்னாள். ஆட்டத்தை விட்டு வெகு நாளாகத் திண்ணையோடு கிடந்த அப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"பொட்டப்புள்ள மேடையில ஏறி, ராவுல..."

"நீங்க மட்டும் இருவது வருசம் சேல கட்டி ஆடலயா தாத்தா?"

"அது ரதி. சாமி காரியம்."

"இது அரிசி காரியம்" என்றாள் அவள்.

அப்பா உள்ளே போய் நார்ப்பெட்டியைத் துழாவினார். சவுரியைக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். கொண்டுவந்தது தன் பழைய காற்சட்டையை. முப்பாட்டன் காலத்துக்குப் போகிறவளுக்கு அதுதான் வசதி, வேலி தாண்ட வேண்டிவரும் என்றார். அவள் அதை இடுப்பில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, வாகனம் மட்டும் கக்கூஸ் கதவாக இருக்கக் கூடாது, முச்சக்கரவண்டிதான் வேண்டும் என்று என்னிடம் சண்டைக்கு நின்றாள். சாரதி வேறு வேண்டுமே என்றேன். அதற்குத்தான் கங்காணி இருக்கிறானே, மீட்டரைத் திருப்பிவைத்து ஓட்டட்டும் என்றாள்.